கொல்லனின் குடும்ப வரலாறும் ஆவணங்களின் மௌனமும்

குடும்ப வரலாற்றாய்வு நெடுங்காலமாக வரலாற்றியலின் புறவாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அரச குலங்களும் நிலவுடைமைக் குடும்பங்களும் தத்தம் வழிமுறையை நிறுவிப் பட்டங்களையும் ஆதனங்களையும் உரிமை கோருவதற்குப் பயன்படுத்திய ஒரு கலையாகவே அது தோற்றம் பெற்றது. ஆயின் ஐக்கிய அமெரிக்காவில் இன்று அது பொதுமக்களின் முயற்சியாகப் பரந்துவிட்டது. கமக்காரர், சுரங்கத் தொழிலாளர், கொல்லர், தகரவேலைக்காரர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடிச் செல்கின்றனர். இம்மாற்றம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும், உடைமையாளரின் தேவைக்காக உருவாக்கப்பட்ட ஒரு கருவியை உழைப்பாளரின் வரலாற்றுக்குப் பிரயோகிக்கும்போது எழும் பிரச்சினைகள் போதியளவு சிந்திக்கப்பட்டுள்ளன என்று கூறுவதற்கில்லை.

இப்பிரச்சினைகளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்திய மேற்குப் பிரதேசத்திற் குடியேறிய இரும்புக் கொல்லனை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது. ஒகையோ, இந்தியானா, இலினோய், மிச்சிகன், விஸ்கொன்சின், அயோவா, மிசூரி முதலிய மாநிலங்களைக் கொண்ட பெருநிலப்பரப்பையே மத்திய மேற்கு என்னும் தொடர் குறிக்கின்றது. அக்கொல்லன் எழுத்தாவணத்திற் புகும் தருணங்கள் பெரும்பாலும் மூன்று: அவன் உடைமை பெறும்போது, கடன்படும்போது, பொருள் விட்டு இறக்கும்போது. இவற்றுக்கு இடைப்பட்ட அவனது வாழ்வும், அவ்வாழ்வைத் தாங்கி நின்ற ஏனையோரும் ஆவணங்களின் மௌனத்துள் அமிழ்ந்துவிடுகின்றனர். இம்மௌனம் தற்செயலானதன்று, அதற்கு ஒரு வர்க்க அமைப்பு உண்டு.

1. கொல்லனின் சமூக நிலை

புதிய குடியிருப்பு ஒன்றிற் கொல்லன் இன்றியமையாதவனாக விளங்கினான். குதிரைக்கு லாடம், வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை, கோடரி, சங்கிலி, கலப்பைக் கொழு ஆகிய அனைத்தும் அவனது உலைக்களத்திலிருந்தே வந்தன. பட்டடை, துருத்தி, குறடு, சம்மட்டி ஆகியன அவனுக்கே சொந்தமானவை. காசு அருகியிருந்த சூழலிற் சோளத்தையும் பன்றியிறைச்சியையும் அயலவரின் உழைப்பையும் அவன் கூலியாகப் பெற்றுக் கொண்டான். அரசியற் பொருளாதாரத்தின் மொழியிற் கூறுவதாயின், அவன் ஒரு சிறு பண்ட உற்பத்தியாளன். முதலாளியாக உயர்வதற்கும் கூலியுழைப்பாளனாகத் தாழ்வதற்குமான வாய்ப்புகள் இரண்டும் அந்நிலையிலேயே உள்ளடங்கியிருந்தன.

கைத்தொழில் குலவழியாக வருவது என்று எண்ணிப் பழகிய நமக்கு மற்றொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. இங்குத் தொழில் பிறப்பினால் மட்டும் வந்ததன்று. பயிற்சி ஒப்பந்தத்தின் வாயிலாகவும் கைமாறியது. எனவே கொல்லனின் தந்தையைத் தேடுபவர் இன்னொரு கொல்லனையே தேடுவாராயின் பெரும்பாலும் வழி தவறுவர்.

இதற்குத் தக்க சான்று ஜோன் டீர் என்பவரது குடும்பமாகும். 1804 இல் வேர்மொண்ட் மாநிலத்தின் ரட்லண்ட் நகரிற் பிறந்த அவரின் தந்தையார் ஒரு தையற்காரர். 1808 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தந்தையார் திரும்பி வரவேயில்லை. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு தாயின் தோள்களிற் சுமந்தது. 1821 இல் டீர் மிடில்பரி நகரிலிருந்த பெஞ்சமின் லோறன்ஸ் என்னும் கொல்லரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளின் பின் கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரானார். 1827 இல் டெமேரியஸ் லாம் என்பவரை மணந்தார். கடன் சுமையால் நெருக்குண்டு, கருவுற்றிருந்த மனைவியையும் குழந்தைகளையும் விட்டு 1836 இல் இலினோய் சென்று, றொக் ஆற்றங்கரையிலுள்ள கிராண்ட் டிற்றூர் என்னும் சிற்றூரில் உலை அமைத்தார். 1838 இலேயே மனைவி குழந்தைகளுடன் அங்கு வந்து சேர்ந்தார்.

இவ்விவரங்களை நாம் இத்துணை துல்லியமாக அறிந்திருப்பதற்குக் காரணம் யாது? டீர் பின்னர் பெருந்தொழில் நிறுவனம் ஒன்றின் மூலவரானமையே அது. அவரோடு அதே பட்டறையில் நின்று சம்மட்டி அடித்தவர்களுக்கு இத்தகைய வரலாறு கிடைப்பதில்லை.

2. குடிசன மதிப்பு கூறுவதும் கூறாததும்

குடும்ப வரலாற்றாய்வாளர் முதலில் நாடுவது குடிசன மதிப்பையாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கொருமுறை அது நடைபெற்று வருகின்றது. ஆயின் 1840 வரையான மதிப்புகளிற் குடும்பத் தலைவரின் பெயர் மாத்திரமே எழுதப்பட்டது. மனைவி, மக்கள், உடன் வாழ்ந்த பயிலுநர் ஆகியோர் வயதுப் பிரிவுகளின் கீழ் வெறும் எண்களாக இடம்பெற்றனர். கொல்லனின் வீட்டில் பதினைந்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட ஓர் ஆண் இருந்தான் என்பதை நாம் அறியலாம். அவன் மகனா, மைத்துனனா, தொழில் பயிலவந்த அநாதையா என்பதை அவ்வெண் கூறாது.

1850 ஆம் ஆண்டின் மதிப்பிலேயே சுதந்திரமான ஆட்கள் அனைவரின் பெயர்களும் எழுதப்பட்டன. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் தொழிலும், அவரவர்க்குச் சொந்தமான காணியின் பெறுமதியும் குறிக்கப்பட்டன. பெண்களின் தொழில் 1860 இலேயே கேட்கப்பட்டது. குடும்பத் தலைவருடனான உறவுமுறை 1880 இலேயே பதிவாயிற்று. 1890 ஆம் ஆண்டின் பதிவுகளிற் பெரும்பகுதி 1921 இல் வாஷிங்டனில் நிகழ்ந்த தீவிபத்தின் விளைவாக இல்லாதொழிந்தது. கைத்தொழிலாளர் பெருந்தொகையினராய்த் தொழிற்சாலைகளுள் ஈர்க்கப்பட்ட ஒரு காலப்பகுதியின் சான்று இவ்வாறு இழக்கப்பட்டமை பேரிழப்பாகும்.

இவற்றிலும் தெளிவாக வர்க்க நோக்கை வெளிப்படுத்துவது 1850 முதல் 1880 வரை தயாரிக்கப்பட்ட கைத்தொழில் உற்பத்தி அட்டவணையாகும். ஆண்டுக்கு 500 டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுடைய பொருள்களை ஆக்கிய பட்டறைகள் அதில் இடம்பெற்றன. உரிமையாளரின் பெயர், முதலீடு, மூலப்பொருள், உற்பத்தி ஆகியன விரிவாக எழுதப்பட்டன. தொழிலாளரோ ‘கைகள்’ என்னும் தலைப்பின் கீழ் எண்ணிக்கையாக மாத்திரம் தரப்பட்டனர். மனிதன் கையாகச் சுருங்கும் நிகழ்வை அரசாங்க அட்டவணையே இவ்வாறு ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்துள்ளது.

இக்கைகளுக்குப் பெயர் தேடுவது கடினமாயினும் இயலாததன்று. அதே ஆண்டின் மக்கட் பட்டியலை எடுத்து, அப்பட்டறை உரிமையாளரின் வீட்டிலும் அயல் வீடுகளிலும் கொல்லர் எனக் குறிக்கப்பட்டு, காணியின் பெறுமதி எழுதப்பெறாத ஆண்களைத் தேடுதல் வேண்டும். உடைமையின்மையே இங்கு அடையாளமாகின்றது. இம்முறையிற் பெறப்படும் முடிவு உய்த்துணர்வேயாதலின் வேறு சான்றுகளால் உறுதிப்படுத்தப்படல் வேண்டும்.

பெயர்களைப் பொறுத்தவரையிலும் எச்சரிக்கை தேவை. ஆங்கிலத்தில் ஸ்மித், ஜேர்மன் மொழியில் ஷ்மிட், போலிஷ் மொழியிற் கொவால்ஸ்கி ஆகிய குடும்பப் பெயர்களுக்குக் கொல்லுத் தொழிலே அடியாகும். ஆயினும் அப்பெயருடைய ஒருவர் கொல்லராயிருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கெடுப்பாளரின் செவிக்கும் கைக்கும் ஏற்ப ஷ்மிட் ஸ்மித்தாக மாறுவதும் இயல்பே. சுவீடனிலிருந்து வந்த நாட்டுப்புற மக்களிற் பலரிடம் நிலையான குடும்பப் பெயரே இருக்கவில்லை. அன்டர்ஸ் யோஹான்சனின் மகன் அன்டர்சன் எனப்பட்டான். இத்தகையோரின் பூர்வீகத்தை அறியச் சுவீடனின் தேவாலயப் பதிவேடுகளையும், பங்கிலிருந்து பங்குக்கு மாறிச் செல்வோருக்கு வழங்கப்பட்ட சான்றுகளையும் ஆராய்தல் அவசியமாகும்.

3. காணி, கடன், மரணம்

1820 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அரசாங்கக் காணி ஏக்கர் ஒன்றுக்கு 1.25 டொலர் என்னும் குறைந்தபட்ச விலைக்கு, 80 ஏக்கருக்குக் குறையாமல் விற்கப்பட்டது. 1832 இல் இவ்வளவு 40 ஏக்கராகக் குறைக்கப்பட்டது. அதாவது 50 டொலரைக் கையிற் கொண்டு வந்த கொல்லன் அரச ஆவணத்தில் ஒரு பெயரானான். அத்தொகையைச் சேர்க்க இயலாதவன் பெயரின்றியே மேற்கு நோக்கி நகர்ந்தான். குடியேற்ற நாடுகளில் நிலம் எளிதிற் கிடைக்கும்வரை கூலியுழைப்பாளன் சுதந்திர உற்பத்தியாளனாக மாறிவிடுகிறான் என்றும், எனவே மூலதனத்துக்கு அங்குக் கூலியாட்கள் அருகிவிடுகின்றனர் என்றும் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தின் இறுதி அத்தியாயத்தில் மார்க்ஸ் விளக்கினார். காணிப் பதிவேட்டிற் கொல்லனின் பெயர் இடம்பெறுவதையும் இடம்பெறாமற் போவதையும் இவ்விளக்கத்தின் ஒளியில் நோக்குதல் பயனுடையது.

காணி உறுதிகள் பிறிதொரு வகையிலும் முக்கியமானவை. கணவன் காணியை விற்கும்போது, அவன் இறந்தபின் அக்காணியில் மனைவிக்குரிய வாழ்நாட் பங்குரிமையை அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கணவனின் வற்புறுத்தலின்றியே அவள் சம்மதிக்கிறாளா என்பதை அறிய, அலுவலர் அவளைத் தனியே விசாரித்து எழுதிக் கொண்டார். 1850 க்கு முன்னர் வாழ்ந்த பல பெண்களின் பெயர் இவ்வாறான உறுதிகளிலேயே எமக்குக் கிடைக்கின்றது. துருத்தி ஊதியும் பயிலுநருக்கு உணவளித்தும் அவள் ஆற்றிய உழைப்பு அவளுக்குப் பெயரளிக்கவில்லை. ஓர் உரிமையைத் துறந்த கணமே அவளுக்குப் பெயரளித்தது.

கொல்லன் இறந்தபின் நீதிமன்றம் தயாரித்த ஆதனப் பட்டியல், பட்டடையிலிருந்து பழைய இரும்புத் துண்டு வரை விலை குறித்து எழுதியது. ஏலத்திற் பொருள் வாங்கியோரின் பெயர்களும் அதனுடன் சேர்க்கப்பட்டன. பட்டடையை வாங்கியவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகனாகவோ முன்னாட் பயிலுநராகவோ இருப்பதற்கு இடமுண்டு. கணக்கேடு எஞ்சியிருப்பின், யார் யாருக்குக் கடன்பட்டிருந்தனர் என்பதனூடாக ஓர் ஊரின் உறவுவலையே புலப்படும். 1841 இல் நியூயோர்க்கில் லூயிஸ் தப்பன் நிறுவிய கடன்தகுதி மதிப்பீட்டு முகவரகத்தின் பேரேடுகள் சிற்றூர் வணிகர், கைவினைஞர் ஆகியோரின் நாணயம், குணநலன், உடைமை ஆகியவற்றை வேவு பார்த்து எழுதியுள்ளன. கடன் கொடுப்பவனின் கண்ணால் எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகளே அவை.

4. பட்டியலில் மனிதன்

இதுவரை கூறியவை சுதந்திரக் கொல்லனுக்குரியவை. மத்திய மேற்கு முழுவதும் சுதந்திர மண்ணாக இருந்ததெனக் கருதுவது பிழையாகும். 1787 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒகையோ ஆற்றுக்கு வடமேற்கே அடிமை முறையைத் தடை செய்தபோதிலும், 1821 இல் மிசூரி அடிமை மாநிலமாகவே ஒன்றியத்திற் சேர்ந்தது. அங்கு அடிமைகளாயிருந்த ஆபிரிக்க வம்சாவளியினருட் கைதேர்ந்த கொல்லரும் இருந்தனர். 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அடிமைகள் பட்டியலில் உரிமையாளரின் பெயரின் கீழ் வயது, பால், நிறம் ஆகியனவே தரப்பட்டன. அடிமையின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

அக்கொல்லனைத் தேட வேண்டிய இடம் அவனது எசமானின் ஆதனப் பட்டியலாகும். சுதந்திரக் கொல்லனின் பட்டியலிற் பட்டடை அவனது பொருளாகத் தோன்றுகிறது. அடிமைக் கொல்லனோ பட்டடையுடன் சேர்ந்து தானும் ஒரு பொருளாக, தன் பெயருக்கெதிரே ஒரு விலையுடன் தோன்றுகிறான். இவனது வழித்தோன்றல்கள் தம் முன்னோனின் பெயரைக் காண, அவனை உடைமையாக்கியவனின் குடும்ப வரலாற்றையே முதலில் ஆராய வேண்டியுள்ளது. ஆவணங்களின் வர்க்கச் சார்பு இவ்விடத்தில் அதன் கொடூரமான எல்லையை அடைகின்றது. 1870 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பே விடுதலை பெற்ற மக்களை முழுமையாகப் பெயர் சொல்லி எழுதிய முதல் மதிப்பாகும்.

உலோகத் தொழிலின் தொடக்கத்தை வெள்ளையர் வருகையுடன் பொருத்துவதும் ஏற்புடையதன்று. மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதியில் மெஸ்குவாக்கி, சோக் முதலிய ஆதிக்குடியினர் ஈயத்தை அகழ்ந்து உருக்கி வணிகம் செய்தனர். அத்தொழிலிற் பெண்கள் முக்கிய பங்கு வகித்தனர். 1788 இல் ஜூலியன் டுபூக் அச்சுரங்கங்களிற் பணிபுரிய மெஸ்குவாக்கியரிடமே அனுமதி பெற்றார். 1832 இல் நிகழ்ந்த பிளாக் ஹோக் போரின் முடிவில் சோக், மெஸ்குவாக்கி மக்களிடமிருந்து அயோவாவின் கிழக்குப் பகுதி பறிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரிற் செய்யப்பட்ட உடன்படிக்கை, அம்மக்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலதிகக் கொல்லுப்பட்டறை ஒன்றை நடத்தித் தர அரசாங்கத்தைக் கடப்பாடுடையதாக்கியது. நிலத்தைப் பறித்த தாளே ஒரு கொல்லனையும் நியமித்தது! எல்லைப்புறக் கொல்லரைத் தேடும் ஆய்வாளர் ஆதிக்குடிகளுக்கான முகவரகங்களின் பதிவுகளையும் நோக்க வேண்டியது இதனாலேயே. டீர் றொக் ஆற்றங்கரைக்கு வந்தது, அவ்வாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து அம்மக்கள் துரத்தப்பட்டு நான்கே ஆண்டுகள் கழிந்த பின்னராகும்.

5. ஒரு கலப்பையும் இரு கொல்லரும்

புல்வெளி நிலத்தின் களிமண் வார்ப்பிரும்புக் கலப்பையில் ஒட்டிக்கொண்டது. உழவன் அடிக்கடி நின்று அதனைச் சுரண்ட வேண்டியிருந்தது. 1837 இல் டீர் உடைந்த மரவாள் ஒன்றின் உருக்குத் தகட்டை வளைத்து, மண் ஒட்டாது புரளும் கலப்பையை ஆக்கினார். தனிமனித மேதைமையின் விளைவாகவே இந்நிகழ்ச்சி பன்முறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. ஆயின் அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, அதே இலினோயின் லொக்போட் பகுதியில் ஜோன் லேன் என்னும் கொல்லர் பழைய வாளுருக்கைக் கலப்பையிற் பொருத்தியிருந்தார். லேன் காப்புரிமை பெறவில்லை; டீரும் 1837 ஆம் ஆண்டின் கலப்பைக்குக் காப்புரிமை பெற்றாரல்லர். எனவே, ஒருவர் உலகறிந்த பெயராகவும் மற்றவர் பிரதேச வரலாற்றின் அடிக்குறிப்பாகவும் ஆனமைக்குக் கண்டுபிடிப்பின் முன்பின்னோ சட்டமோ காரணமாகாது. மூலதனத் திரட்சியே காரணமாகும்.

அத்திரட்சியின் படிகளைக் குடும்ப ஆவணங்களிலே காணலாம். மரம் அரியும் ஆலையை வைத்திருந்த லெனார்ட் அன்ட்ரஸ், டீரைப் போலவே வேர்மொண்டிலிருந்து வந்தவர். 1843 இல் இருவரும் பங்காளிகளாயினர். தனியொருவராகச் சென்று வென்ற வீரர் என்னும் கதை, அயலவர் எங்கிருந்து வந்தனர் என்று வினவிய மாத்திரத்தே தளர்ந்துவிடுகிறது. 1848 இல் டீர் மிசிசிப்பிக் கரையிலுள்ள மொலீன் நகருக்குத் தொழிலை மாற்றினார். 1857 இன் நிதி நெருக்கடி தாக்கியபோது உடைமையும் நிர்வாகமும் குடும்பத்தினுள்ளேயே கைமாற்றப்பட்டன. மகன் சார்ள்ஸ் தொழிலைப் பொறுப்பேற்றார். 1868 இல் அது கூட்டிணைக்கப்பட்ட கம்பனியாயிற்று. குடும்பம் என்பது இங்கு இரத்த உறவாக மட்டுமன்றி, மூலதனத்தைப் பாதுகாக்கும் சட்ட ஏற்பாடாகவும் இயங்கியமை நோக்கற்பாலது.

1907 இல் சார்ள்ஸ் இறந்ததோடு டீர் என்னும் குடும்பப் பெயரைத் தாங்கியவரின் தலைமை முடிவுற்றது. ஆயினும் மருமகன், பெண்வழிப் பேரன், அப்பேரனின் மருமகன் என 1982 வரை தலைமை அக்குடும்பத்துள்ளேயே நிலைத்திருந்தது. உரிமை பெண்கள் வழியே கடத்தப்பட்டது. பெண்களோ தலைமை ஏற்கவில்லை. கலப்பையிற் பெயர் நிலைத்தது, குடும்பத்தலைமையில் அது மறைந்தது. ஆண்வழிப் பெயரை மட்டும் பின்தொடரும் வம்சாவளி முறை எவ்வளவு குறைபாடுடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மொலீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவருட் சுவீடன் குடியேறிகள் கணிசமானோர். கலப்பையில் மண் ஒட்டாதிருக்க அதன் முகம் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட வேண்டும். அதற்குச் சாணைக்கல் வேண்டும். சாணைக்கல்லிலிருந்து எழும் தூசி நுரையீரலை அரிக்கும். டீர் 1843 இல் உருக்கு வரவழைத்த ஷெபீல்ட் நகரின் சாணைத் தொழிலாளர் இந்நோயினால் இளவயதிலேயே மடிந்தமையை 1845 இல் ஏங்கெல்ஸ் எழுதியிருந்தார். 1850 முதல் 1880 வரையான குடிசன மதிப்புகளோடு, முந்திய பன்னிரண்டு மாதங்களில் இறந்தோரின் பட்டியலும் தயாரிக்கப்பட்டது. பெயர், வயது, தொழில், மரணத்துக்கான காரணம் ஆகியன அதில் ஒரே வரியில் இடம்பெற்றன. வாழும்போது ‘கை’யாக மட்டும் எண்ணப்பட்ட ஒருவன், தன் தொழிலோடும் தன்னைக் கொன்ற நோயோடும் பெயர் பெறும் இடம் அவ்வரியாகும்.

6. முடிவுரை

மனிதனின் சாரம் சமூக உறவுகளின் தொகுதியே என்னும் கருத்து தத்துவ நூல்களுக்கு மாத்திரம் உரியதன்று. ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து ஒரு கொல்லனின் தந்தையைத் தேடுபவருக்கும் அது நடைமுறை வழிகாட்டியாகும். தனிமனிதனை மட்டும் தேடுபவர் விரைவிலேயே வெற்றுத்தாளின் முன் நிற்பார். அவனுக்குத் தொழில் கற்பித்தவர், கடன் கொடுத்தவர், உறுதியிற் சாட்சியாகக் கையொப்பமிட்டவர், ஏலத்தில் அவனது பட்டடையை வாங்கியவர் ஆகியோரைத் தேடுபவருக்கே அவனும் அகப்படுவான்.

இன்று இவ்வாவணங்களுட் பெரும்பாலானவை கணினி வழியாக எங்கிருந்தும் பார்க்கத்தக்கனவாகிவிட்டன. தேடல் எளிதாகியுள்ளது; ஆயின் எழுதப்படாத பெயரை எந்த இயந்திரமும் தேடித் தராது. ஆதலின் ஒரு கொல்லனின் குடும்ப வரலாற்றை எழுதுபவர் இறுதியாகத் தம்மை வினவ வேண்டியவை சில உள. அவன் நின்ற நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது? அவனது துருத்தியை ஊதியவர் யார்? அவனது உருக்கை மெருகேற்றித் தூசியை விழுங்கியவர் யார்? இவ்வினாக்களுக்கு இடமளிக்கும் குடும்ப வரலாறு ஒரு குடும்பத்தின் பெருமையைப் பறைசாற்றுவதோடு நின்றுவிடாது. உழைப்பின் வரலாற்றுக்கு அது ஓர் அத்தியாயமாக அமையும்.